அன்னங்களின் முகம் அறிந்தவர்: சேர் பீற்றர் ஸ்கொட்



சில ஆண்டுகளுக்கு முன்னர், மாசி மாதத்துக் குளிர்நாள் ஒன்றில், எமது பாடசாலை மாணவர் சிலரையும் அவர்தம் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு ஸ்லிம்பிரிட்ஜ் என்னும் இடத்துக்குச் சென்றிருந்தோம். இங்கிலாந்தின் மேற்கே, செவேர்ன் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தின் ஓரமாக அமைந்துள்ள பறவைகள் காப்பகம் அது. பொழுது சாயும் வேளையில், கண்ணாடிச் சுவருடைய கூடம் ஒன்றில் அமர்ந்து வெளியே இருந்த வாவியைப் பார்த்துக் கொண்டிருந்தோம். விளக்குகள் ஏற்றப்பட்டன. காப்பாளர் ஒருவர் தள்ளுவண்டியில் தானியம் கொண்டுவந்து கரையோரமெங்கும் தூவினார். வெண்ணிற அன்னங்கள் கூட்டங் கூட்டமாக நீந்தி வந்து உண்ணத் தொடங்கின. அவை ருசிய நாட்டின் வடகடல் ஓரத்திலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோ மீற்றர் பறந்து வந்தவை எனக் காப்பாளர் விளக்கினார்.

அப்பொழுது எம்முடன் வந்திருந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி என் கையைப் பிடித்து ஒரு கேள்வி கேட்டாள். இந்த அன்னங்களின் சொந்த ஊர் அங்கேயா, இங்கேயா என்பதே அக்கேள்வி. குஞ்சு பொரிக்கும் இடமே சொந்த ஊர் என்று பாடநூல் சொல்லும் விடையைச் சொல்லி வைத்தேன். பதினைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்தவனாயினும், அந்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. வீடு திரும்பிய பின்னர் அக்காப்பகத்தை நிறுவிய பெரியாரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். சேர் பீற்றர் ஸ்கொட் என்னும் அப்பெரியாரின் வரலாற்றை எமது ஆண்டு விழா மலரின் வாயிலாக உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

தந்தையின் இறுதி விருப்பம்

பீற்றர் ஸ்கொட் 1909 ஆம் ஆண்டு செப்டெம்பர் 14 ஆம் நாள் இலண்டனிற் பிறந்தார். தந்தையார் கப்டன் ரொபேர்ட் பல்கன் ஸ்கொட், தென் துருவத்தை நோக்கிப் பயணஞ் செய்த புகழ்பெற்ற கடற்படை அதிகாரி. தாயார் கத்லீன், தேர்ந்த சிற்பி. வளர மறுத்த சிறுவனின் கதையான பீற்றர் பானை எழுதிய ஜே. எம். பரி குழந்தைக்கு ஞானத்தந்தை ஆனார். அக்கதைச் சிறுவனின் பெயரே இவருக்கும் சூட்டப்பட்டது.

குழந்தைக்கு ஒரு வயது நிறையுமுன்னரே தந்தையார் 1910 இல் துருவப் பயணம் புறப்பட்டார். 1912 சனவரி 17 ஆம் நாள் அவரும் தோழர் நால்வரும் தென் துருவத்தை அடைந்தபோது, நோர்வே நாட்டவரான அமுண்ட்சென் ஐந்து வாரங்களுக்கு முன்னரே அங்கு வந்து சென்றிருந்தமையைக் கண்டனர். திரும்பும் வழியிற் பனிப்புயலும் பசியும் அவர்களை வீழ்த்தின. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியளவில் கூடாரத்துள்ளேயே கப்டன் ஸ்கொட்டின் உயிர் பிரிந்தது. அப்பொழுது மகனுக்கு வயது இரண்டரை.

எட்டு மாதங்கள் கழிந்து, தேடிச் சென்றோர் அக்கூடாரத்தைக் கண்டபோது அங்கே கடிதங்கள் சில இருந்தன. அவற்றுள் ஒன்று மனைவிக்கு எழுதப்பட்டது. சாவை எதிர்நோக்கிய நிலையில் அத்தந்தை தம் மகனுக்காகக் கேட்டுக்கொண்டது மிக எளியதொன்று. இயற்கையில் அவனுக்கு ஆர்வம் உண்டாகும்படி செய்யவேண்டும். விளையாட்டைக் காட்டிலும் அது சிறந்தது. அவனைத் திறந்த வெளியிலே வளர்க்கவேண்டும் என்பதே அக்கடிதத்தின் கருத்து. பொன்னும் பொருளும் தேடி வைக்காத ஒருவர் மகனுக்கு விட்டுச் சென்ற சொத்து அவ்வளவே.

தாயார் அவ்விருப்பத்தைத் தலைமேற் கொண்டார். கடற்கரையும் குளக்கரையும் தோட்டமும் சிறுவனின் வகுப்பறைகள் ஆயின. பல்லியும் பூச்சியும் பறவையும் அவனுக்குத் தோழர். அன்றியும், கண்டவற்றையெல்லாம் வரையும் பழக்கம் அவனுக்கு இளமையிலேயே படிந்தது. கணவரின் உருவச் சிலையைத் தாமே வடித்த அத்தாயின் கைத்திறன் மகனுக்கும் வாய்த்தது எனலாம். இலண்டன் வாட்டர்லூ பிளேசில் அச்சிலை இன்றும் நிற்கின்றது. அவ்வழியே செல்லும்போது பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு அதனைக் காட்டுதல் நன்று.

சேற்றுவெளியில் வேட்டைக்காரர்

இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு வியப்பளிக்கக்கூடும். பறவைகளின் காவலராகப் பின்னாளில் உலகம் போற்றிய இவர், இளமையில் அவற்றை விரும்பிச் சுட்ட வேட்டைக்காரர் ஆவார்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில் அருகிலிருந்த தாழ்நிலங்களுக்கும் கடலோரச் சேற்றுவெளிகளுக்கும் துப்பாக்கியுடன் செல்வது இவருடைய பெருவிருப்பம். இயற்கை விஞ்ஞானம் பயிலத் தொடங்கியவர் இறுதியிற் கலை வரலாற்றிலேயே 1931 இற் பட்டம் பெற்றார். ஆயினும் பாடநூல் சொல்லாத பலவற்றைச் சேறு இவருக்குக் கற்பித்தது.

காட்டு வாத்துகளின் வாழ்வு கடலின் வற்றுப்பெருக்கோடு பிணைந்தது. இரவிலே நரி முதலிய பகைகள் அணுக முடியாத திறந்த சேற்றுத் திடலில் அவை உறங்கும். வைகறையில் ஒருங்கே எழுந்து, வானத்திற் கோடு கோடாக வரிசை அமைத்து, உள்நாட்டு வயல்களுக்குப் பறந்து சென்று மேயும். அந்தி மயங்கும் வேளையில் மீண்டும் கடலோரத்துக்கு வரும். அவற்றைச் சுட விரும்புபவர் விடியுமுன் இருளிலே சேற்றுள் படுத்துக் காத்திருத்தல் வேண்டும். காற்றின் திசை, நிலவின் வளர்பிறை தேய்பிறை, பெருக்கு ஏறும் நேரம் ஆகிய அனைத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். எமது ஊர்க் கடற்றொழிலாளர் களப்பை அறிந்திருப்பது போன்றே ஸ்கொட் அச்சேற்றுவெளியை அறிந்திருந்தார்.

ஒரு நாள் அவரும் நண்பரும் வாத்துக் கூட்டம் ஒன்றின்மீது சுட்டனர். அவற்றுள் ஒன்று இரு கால்களும் முறிந்து, எவரும் கால் வைக்க முடியாத மென்சேற்றில் விழுந்தது. அதனை எடுக்கவும் வழியில்லை. அதன் துன்பத்தை முடிக்கவும் வழியில்லை. மறுநாள் அவர்கள் மீண்டும் அங்கு சென்றபோதும் அப்பறவை அதே இடத்தில் உயிருடன் கிடந்தது. இவ்வாறு செய்வதற்கு மனிதனுக்கு என்ன உரிமை உண்டு என்னும் வினா அன்று அவர் மனத்திற் புகுந்தது.

மாணவர்களே, வாழ்க்கை வரலாறுகளில் ஒரே நாளில் மனம் மாறியோரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஸ்கொட் அவ்வாறு மாறவில்லை. அந்நிகழ்ச்சியின் பின்னரும் பல ஆண்டுகள் அவர் துப்பாக்கியைக் கைவிடவில்லை. ஆனால் அந்த வினாவும் அவரைக் கைவிடவில்லை. மெல்ல மெல்ல, சுடும் நேரம் குறைந்து பார்க்கும் நேரம் கூடியது. கொன்று வீழ்த்திய பறவையிலும் பார்க்க, உயிருடன் பிடித்து வளர்த்த பறவை அவருக்குக் கூடிய மகிழ்ச்சி தந்தது. இறுதியில் வேட்டையை அவர் முற்றாக விட்டொழித்தார். தம் பிழையைத் தாமே ஒளிக்காது எழுதியும் வைத்தார். அவரிடத்து நான் பெரிதும் மதிப்பது இந்த நேர்மையையே.

வெளிச்சவீட்டில் வாழ்ந்த ஓவியர்

1933 ஆம் ஆண்டில் ஸ்கொட், வொஷ் என்னும் பெரிய கடற்குடாவினுட் பாயும் நெனே ஆற்றின் முகத்துவாரத்தில், சட்டன் பிரிட்ஜ் என்ற ஊருக்கு அண்மையிலுள்ள பழைய வெளிச்சவீடு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார். ஒரு பக்கம் கடற்சேறு, மறுபக்கம் உவர்ப் புல்வெளி, மேலே எல்லையற்ற வானம். அங்கே காட்டு வாத்துகளை வளர்த்தும் அவற்றை வரைந்தும் 1939 வரை வாழ்ந்தார். மூனிச் நகரிலும் இலண்டன் றோயல் அக்கடமியிலும் பெற்ற ஓவியப் பயிற்சி அங்கே கனிந்தது. அவர் வரைந்த படங்களில் வாத்துகள் கூண்டுப் பறவைகளாகத் தோன்றுவதில்லை. விடியல் ஒளியிற் காற்றை எதிர்த்துப் பறக்கும் உயிர்களாகவே தோன்றும். 1933 இல் இலண்டனில் நடைபெற்ற முதற் கண்காட்சியின் பின்னர் ஓவியமே அவருக்குச் சோறு போட்டது. பவுல் கலிக்கோ என்ற எழுத்தாளர் 1941 இல் வெளியிட்ட பனிவாத்து என்னும் புகழ்பெற்ற கதை இந்த வெளிச்சவீட்டு வாழ்க்கையைத் தழுவி எழுந்ததே. அக்கட்டடம் இன்று ஸ்கொட்டின் பெயராலேயே வழங்குகின்றது.

இவருடைய திறமைகள் பலவாகும். 1936 ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக் போட்டியில் தனியாளாகப் பாய்மரப் படகு செலுத்தி வெண்கலப் பதக்கம் பெற்றார். பின்னாளில், 1963 இல், விசையிலா விமானம் ஓட்டுவதிற் பிரித்தானிய வெற்றிவீரராகவும் திகழ்ந்தார். காற்றை நம்பிச் செல்லும் கலைகளையே அவர் தேர்ந்தெடுத்தார் என்பது நோக்கற்பாலது.

இரண்டாம் உலகப் போரிற் கடற்படையிற் சேர்ந்து வீரப் பதக்கங்களும் பெற்றார். வேட்டைக்காலத்து அறிவு அங்கே வேறொரு வகையிற் பயன்பட்டது. இரவிற் கடலில் இருண்ட நிறக் கப்பல் வானத்தின் பின்னணியிற் கரிய உருவாகத் தெரிந்துவிடும் என்பதை அந்தி ஒளியை நன்கறிந்த அவர் உணர்ந்திருந்தார். ஆகவே கப்பல்களுக்கு வெண்மையும் இளநீலமும் இளம்பச்சையும் கலந்த வெளிர் நிறங்களைப் பூசும் முறையை வகுத்தார். 1940 இல் அவர் பணியாற்றிய நாசகாரிக் கப்பலில் முதலில் அம்முறை கையாளப்பட்டது. பின்னர் அத்திலாந்திக் கடலிற் காவல் புரிந்த பல கப்பல்களுக்கும் அது பரவியது.

ஸ்லிம்பிரிட்ஜில் ஒரு தொடக்கம்

போர் முடிந்த 1945 ஆம் ஆண்டில் ஸ்கொட் நாடாளுமன்றத் தேர்தலிற் போட்டியிட்டுச் சிறிதளவு வாக்குகளால் தோல்வியுற்றார். அத்தோல்வி நன்மையாயிற்று என்றே சொல்லவேண்டும். அவ்வாண்டு டிசெம்பரில், ஸ்லிம்பிரிட்ஜில் மேயும் வெண்ணெற்றி வாத்துகளைப் பார்க்க அவர் சென்றார். ஆயிரக்கணக்கான அவ்வாத்துகளிடையே, அவற்றைப் போன்றதாயினும் உருவிற் சிறியதும் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமுடையதுமான அரிய இனமொன்று கலந்து வரக்கூடும் என அவர் எண்ணியிருந்தார். போர்க்காலத்திற் கட்டிய சீமெந்துக் காவற்கூடு ஒன்றினுள் நின்று தொலைநோக்கியால் ஒவ்வொரு பறவையாகத் தேடினார். தேடிய பறவை கிடைத்தது.

எதிரியைச் சுடுவதற்கென அமைத்த துளையினூடாக இப்பொழுது பறவையைப் பார்க்க முடிந்தது. இங்கேயே பறவைகளுக்கு ஒரு நிலையம் அமைத்தல் வேண்டும் என அவர் முடிவு செய்தார். 1946 நவம்பர் 10 ஆம் நாள் செவேர்ன் காட்டுப் பறவைகள் அறக்கட்டளை நிறுவப்பட்டது.

செவேர்ன் கழிமுகத்தில் உயர்ந்த பெருக்குக்கும் தாழ்ந்த வற்றுக்கும் இடையே நீர்மட்டம் ஏறத்தாழ 14 மீற்றர் வரை வேறுபடும். உலகிலேயே மிக உயர்ந்த பெருக்குகளுள் இதுவும் ஒன்று. நீர் வற்றும்போது பரந்த சேற்றுவெளி வெளிப்படும். கண்ணுக்கு வெறுஞ் சேறாகத் தோன்றும் அதனுள் புழுவும் நத்தையும் சிறு சிப்பியும் எண்ணற்றன வாழும். நீண்ட அலகுடைய பறவை ஆழத்திலும் குறுகிய அலகுடையது மேற்பரப்பிலும் இரை தேடும். இதனாலேயே ஒரே திடலில் பல இனங்கள் பசியாற முடிகின்றது. அக்காலத்தில் இத்தகைய நிலங்களைப் பயனற்றவை என்று கருதி மண்ணிட்டு நிரப்புவதே முன்னேற்றம் எனப் பலர் நம்பினர்.

ஸ்கொட் மூன்று பணிகளை ஒன்றாக இணைத்தார். பறவைகளைக் காப்பது ஒன்று. அவற்றை ஆராய்வது மற்றொன்று. பொதுமக்களை அழைத்து அருகிலே காட்டுவது மூன்றாவது. பறவையை அஞ்ச வைக்காது மனிதன் ஒளிந்திருந்து பார்ப்பதற்குக் கரையோரமெங்கும் மரக்குடில்கள் அமைந்தன. மக்கள் எதனைக் கண்டு விரும்புகின்றார்களோ அதனையே காப்பார்கள் என்பது அவர் கொள்கை. வானொலியிலும், 1955 இலிருந்து தொலைக்காட்சியிலும் தோன்றி, பேசிக்கொண்டே பறவையை வரைந்து காட்டுவார். அக்காலத்துப் பிரித்தானியச் சிறுவர் பலர் அவரைத் தம் வீட்டு ஆசிரியராகவே கருதினர்.

1951 இல் அவர் ஐஸ்லாந்து சென்று, இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் இறகு உதிர்த்துப் பறக்க இயலாதிருக்கும் வேளையில் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைப் பிடித்துக் கால்களில் வளையமிட்டு விடுவித்தார். அந்நாட்டு முன்னோர் உணவுக்காக வாத்துகளை ஓட்டி அடைத்த பழைய கற்பட்டிகளை அங்கே கண்டு, அதே முறையைப் பறவைகளின் நன்மைக்குப் பயன்படுத்தினார். அப்பயணத்தின்போதே பிலிப்பா என்னும் மங்கையை மணந்தார். இது அவருடைய இரண்டாவது திருமணம். இவர்களுக்குப் பிறந்த மகளுக்கு டபிலா எனப் பெயரிட்டனர். ஊசிபோல் நீண்ட வாலுடைய தாரா இனத்துக்கு முன்னாளில் வழங்கிய விஞ்ஞானப் பெயர் அது. தமிழில் ஊசிவால் வாத்து என்போம். மாரி காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணக் களப்பிலும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் பறவை அதுவே.

ஹவாய்த் தீவின் வாத்து

ஸ்லிம்பிரிட்ஜின் பெருமைக்கு எடுத்துக்காட்டாக ஒன்றைச் சொல்வேன். பசிபிக் சமுத்திரத்து ஹவாய்த் தீவுகளில் மட்டும் வாழும் நெனே என்னும் வாத்து, வேட்டையாலும், அயலிலிருந்து கொண்டுவரப்பட்ட கீரி, நாய், பூனை முதலிய விலங்குகளாலும் அழிந்து, 1950 அளவில் ஏறத்தாழ முப்பதே எஞ்சியிருந்தது. இனம் பெருக்குவதற்காக அவற்றில் ஓர் இணை ஸ்லிம்பிரிட்ஜுக்கு அனுப்பப்பட்டது. வந்த இரண்டுமே முட்டை இட்டபோதுதான் இரண்டும் பெட்டை என்பது தெரிய வந்தது! உடனே ஆண் வாத்து ஒன்று விமானத்தில் வரவழைக்கப்பட்டது. 1952 இல் முதற் குஞ்சுகள் வளர்ந்தன. பத்து ஆண்டுகளின் பின்னர், 1962 இல், ஸ்லிம்பிரிட்ஜிற் பிறந்த வாத்துகள் ஹவாய்க்குத் திருப்பி அனுப்பப்பட்டன.

அனுப்பியதோடு வேலை முடியவில்லை. கீரி உள்ள தீவுகளில் குஞ்சுகள் பிழைப்பது அரிதாயிற்று; கீரி இல்லாத கவாய்த் தீவிலோ இனம் நன்கு பெருகிற்று. ஓர் உயிரைத் திரும்ப அழைத்துச் செல்வது மட்டும் போதாது, அது அச்சமின்றி வாழும் நிலத்தையும் ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்பதை இது காட்டியது. 2019 அளவில் நெனேக்களின் தொகை 2,800 ஐத் தாண்டியிருந்தது.

முகம் பார்த்துப் பெயரிடல்

1964 ஆம் ஆண்டு மாரி காலத்தில், பெவிக் அன்னங்கள் எனப்படும் ருசிய நாட்டு அன்னங்கள் ஸ்கொட்டின் வீட்டுப் பெருஞ்சாளரத்தின் முன்னிருந்த வாவிக்கு வரத் தொடங்கின. அவற்றைக் கூர்ந்து நோக்கிய ஸ்கொட்டும் குடும்பத்தவரும் ஓர் உண்மையைக் கண்டனர். ஒவ்வோர் அன்னத்தின் அலகிலும் மஞ்சளும் கறுப்பும் கலந்த கோலம் வேறு வேறாக இருந்தது. எமது விரல் ரேகை எவ்வாறு இருவருக்கு ஒன்றாய் இராதோ, அவ்வாறே ஓர் அன்னத்தின் முகம் மற்றொன்றுக்கு இல்லை.

ஓவியர் அல்லவா! ஒவ்வொன்றின் முகத்தையும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் சிறு படங்களாக வரைந்து, பெயர் சூட்டி, ஏட்டிற் பதிந்தார். பிடிக்காமலும் வளையமிடாமலும் தனித்தனிப் பறவையின் வரலாற்றை அறிய இதனால் முடிந்தது. அடுத்த ஆண்டு எது திரும்பி வந்தது, எது வரவில்லை, எது எதனோடு இணைந்தது என்பன தெரிய வந்தன. இணை சேர்ந்த அன்னங்கள் பிரிவது மிக அரிது என்பதும் உறுதியாயிற்று. இவ்வாய்வு அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தொடர்ந்து வந்துள்ளது.

அதில் என் உள்ளத்தைத் தொட்டது மற்றொரு செய்தி. கோடையிற் பொரித்த குஞ்சுகள் தம் முதற் பயணத்தைத் தனியே செய்வதில்லை. தாய் தந்தையருடன் ஒரே கூட்டமாகப் பறந்து, வெண்கடல், பால்டிக் கடல், ஜேர்மனி, ஒல்லாந்து எனத் தங்கித் தங்கி வருகின்றன. எந்த ஏரியில் இறங்கலாம், எந்த வயலில் மேயலாம் என்பதைக் கூடவே வந்து கற்றுக்கொள்கின்றன. வழி மறக்கப்படாமல் இருப்பது அவ்வாறுதான்.

உலகுக்கு ஓர் உடன்படிக்கை

பறவை பல நாடுகளைத் தொட்டுச் செல்வது. ஆகவே ஒரு நாட்டிற் காப்பகம் அமைத்தல் மட்டும் போதாது. 1961 இல் உலக வனவிலங்கு நிதியத்தை நிறுவியோருள் ஸ்கொட் ஒருவர். இன்று உலகெங்கும் அறியப்பட்ட அதன் பண்டா கரடிச் சின்னத்தை உருவாக்கியவரும் அவரே. அழியும் நிலையிலுள்ள உயிர்களைப் பட்டியலிடும் சிவப்பு ஏடுகள் அவருடைய முயற்சியால் தோன்றின.

1971 பெப்ரவரி 2 ஆம் நாள், ஈரான் நாட்டிற் கஸ்பியன் கடலோரத்திலுள்ள ராம்சார் நகரில், 18 நாடுகள் ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை ஒன்றுக்கு இணங்கின. அதனை உருவாக்குவதில் ஸ்கொட்டும், அவருடைய அறக்கட்டளையின் ஆய்வுத் தலைவர் ஜெப்ரி மத்தியூசும் பெரும்பங்கு கொண்டனர். பின்னர் நூற்றெழுபதுக்கு மேற்பட்ட நாடுகள் அதில் இணைந்தன. இலங்கை 1990 இல் இணைந்தது. தமிழ்நாட்டின் கோடியக்கரை 2002 இலும், மன்னாரை அடுத்த வங்காலை 2010 இலும் ராம்சார் நிலங்களாக அறிவிக்கப்பட்டன. ஸ்லிம்பிரிட்ஜில் தொடங்கிய எண்ணம் எமது கடற்கரை வரையும் வந்து சேர்ந்தமையை எண்ணிப் பாருங்கள்.

1973 இல் அவருக்குச் சேர் பட்டம் வழங்கப்பட்டது. 1989 ஒகஸ்ட் 29 ஆம் நாள், எண்பதாவது பிறந்தநாளுக்கு இரு வாரங்கள் முன்னதாக அவர் காலமானார். 1960 களில் அந்தாட்டிக்கா சென்று, தந்தையார் இறுதிப் பயணத்துக்கு முன் தங்கியிருந்த மரக்குடிலை அவர் நேரிற் பார்த்தார். முகம் நினைவில்லாத தந்தையின் இல்லத்தில் நின்றபோது அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஊரைப் பிரிந்த நாம் ஓரளவு உணரலாம்.

நாம் கொள்ளத் தக்கது

அவருடைய பணி நிறைவுற்றுவிட்டது என எவரும் கருதற்க. வடமேற்கு ஐரோப்பாவுக்கு மாரியில் வரும் பெவிக் அன்னங்கள் 1995 இல் ஏறத்தாழ 29,000 ஆக இருந்தன; 2010 இல் 18,000 ஆகக் குறைந்தன. சட்டம் தடுத்திருந்தும் வழியிலே சுடுவோர் உளர். ஆய்வாளர் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்த அன்னங்களுள் மூன்றில் ஒரு பங்களவில் உடலினுள் ஈயக் குண்டுகள் காணப்பட்டன. மாரியும் வெம்மையாகி வருவதால், பல அன்னங்கள் ஐரோப்பாவின் கிழக்குப் பகுதியிலேயே தங்கிவிடுகின்றன.

ஊரிலே நான் படிப்பித்த பாடசாலை களப்பு ஒன்றின் அருகே இருந்தது. மாரி தோறும் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் அங்கு வரும். ஆண்டுதோறும் அவற்றைக் கடந்தே வகுப்புக்குச் சென்றேன். அவற்றை நின்று பார்க்கும்படி என் மாணவருக்கு ஒரு நாளேனும் நான் சொன்னதில்லை. பரீட்சையில் வராதது என்று விட்டுவிட்டேன். இன்று அந்தக் களப்பை நினைக்கும்போதெல்லாம் அக்குறை என் நெஞ்சை உறுத்துகின்றது. இங்கே அதனைத் திருத்திக்கொள்ள எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கின்றது.

பெற்றோர்களே, சாகும் வேளையில் ஒரு தந்தை எழுதிய சில வரிகளை ஒரு தாய் மறவாது நிறைவேற்றினார். அதனால் உலகம் பயன் பெற்றது. எமது பிள்ளைகளுக்காக நாம் எதனை விரும்புகின்றோம் என்பதைச் சொல்லிவைப்போம். சொன்னதைக் கூட இருந்து செய்வோம். அன்னக் குஞ்சு வழியைக் கற்பது தாய் தந்தையோடு பறந்தே அல்லவா?

மாணவச் செல்வங்களே, வரும் மாரியில் உங்களுக்கு அண்மையிலுள்ள கடலோரக் காப்பகம் ஒன்றுக்குச் செல்லுங்கள். குடிலினுட் புகுந்ததும் பேச்சைக் குறையுங்கள். கையைச் சாளரத்துக்கு வெளியே நீட்டாதீர்கள். ஒரே பறவையைப் பத்து நிமிடம் பாருங்கள். அதன் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, தெரிந்தவாறு அதன் முகத்தை வரைந்து வாருங்கள். படம் அழகாயிருக்க வேண்டும் என்பதில்லை.

அன்று என் கையைப் பிடித்துக் கேட்ட சிறுமி இந்த ஆண்டும் எமது பாடசாலையிற் பயில்கின்றாள். அவளுக்கு நான் இன்று சொல்லக்கூடிய விடை இது. மகளே, அன்னம் பிறந்த குளமும் அதற்கு வேண்டும், பசியாறும் இந்த வாவியும் வேண்டும், இடையிலே இளைப்பாறிய ஒவ்வொரு வயலும் வேண்டும். அவற்றுள் ஒன்று வற்றினாலும் அன்னத்தின் பயணம் தடைப்படும். ஆகையால் எது சொந்த ஊர் என்று பிரித்துக் கேட்பதை விட்டு, எல்லாவற்றையும் காப்பதே அதற்கு நாம் செய்யும் உதவி. சேர் பீற்றர் ஸ்கொட் என்னும் பெரியார் தம் வாழ்நாளில் செய்ததும் அதுவே.